95 சதவீத மாற்றத்துக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? முதல் வகையா, இரண்டாம் வகையா?

நிபோங்_மாணவி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் கெமிக்கல் என்ஜினியரிங் இறுதியாண்டு, செபராங் பிறைப் பக்கம் படிக்கிறேன். குழு புரொஜெக்டில் ரியாக்டர் என் பொறுப்பு. வினை எளிதானதுதான். எத்தில் அசிடேட்டும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோடியம் அசிடேட்டும் எத்தனாலும் ஆகும். கலந்தபின் இரண்டுக்கும் செறிவு லிட்டருக்கு 0.05 மோல். ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர், வெப்பநிலை 30 டிகிரி. 95 சதவீதம் மாற வேண்டும். கலக்கி ஓடும் ஒரே தொட்டி, அதாவது சிஎஸ்டிஆர்.

வேகச் சமன்பாட்டை நானே லேபில் எடுத்தேன். கடத்துத்திறன் மீட்டரை வைத்துக் காஸ்டிக் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டேன். 3, 5, 8, 10 நிமிடச் செறிவுகளுக்கு இயல் மடக்கை எடுத்து வரைந்தால் நேர்கோடு, ஆர் ஸ்கொயர் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.987. ஆகவே முதல் வகை வினை, அதாவது வேகம் செறிவுக்கு நேர்விகிதம், மாறிலி நிமிடத்துக்கு 0.12 என்று வைத்தேன். தொட்டி சுமார் 1,580 லிட்டர் வந்தது.

மேற்பார்வையாளர் தாளைப் பார்த்துவிட்டு, "முதல் வகைன்னு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். கோடு சொன்னது என்றேன். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். வியாழக்கிழமை மறுபடி அவரைப் பார்க்க வேண்டும். எங்கே பிழை?

கெபோங்_லேப் | திங்கள், இரவு 10:05

தங்கச்சி, மீட்டர் 0-வது நிமிடத்திலிருந்தே ஓடியிருக்குமே, மற்ற புள்ளிகள் எங்கே? நாலே புள்ளியை வைத்தால் பெரும்பாலான வளைவுகள் நேராகத்தான் தெரியும். எடுத்த எண்கள் அத்தனையும் போடுங்கள், ஒதுக்கியதும் சேர்த்து.

நிபோங்_மாணவி | திங்கள், இரவு 10:20

முதல் இரண்டு நிமிடம் ஊற்றிக் கலக்கிய அவசரத்தில் எடுத்தது அக்கா, நம்பிக்கை வரவில்லை. 10 நிமிடத்துக்குமேல் மீட்டர் அசையவே இல்லை போலிருந்தது. அதனால் விட்டுவிட்டேன். முழுசும் இதோ. முதலில் நிமிடம், அடுத்து லிட்டருக்கு மில்லிமோல்:

0 : 50.0
1 : 34.6
2 : 26.2
3 : 21.3
5 : 15.4
8 : 10.9
10 : 9.1
15 : 6.5
20 : 5.0

கெபோங்_லேப் | திங்கள், இரவு 10:50

நல்ல டேட்டா தங்கச்சி. இதை ஏன் ஒதுக்கினீர்கள்!

முதல் வகை என்றால் ஒவ்வொரு நிமிடமும் இருப்பதில் ஒரே பங்கு குறைய வேண்டும். முதல் நிமிடம் 50-இலிருந்து 34.6. மடக்கை வித்தியாசம் 0.37. கடைசி 5 நிமிடம் 6.5-இலிருந்து 5.0. நிமிடத்துக்கு 0.05 வருகிறது. மாறிலி என்று பெயர் வைத்த ஒன்று 20 நிமிடத்துக்குள் ஏழு மடங்கு இளைத்துப்போனால் அது மாறிலியே இல்லை.

இப்போது செறிவைத் தலைகீழாக்கிப் பாருங்கள். 1-ஐச் செறிவால் வகுத்தால், மோலுக்கு லிட்டர் கணக்கில் வரிசையாக 20, 28.9, 38.2, 46.9, 64.9, 91.7, 109.9, 153.8, 200. நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் பார்த்தாலும் 8.7-க்கும் 9.3-க்கும் இடையில்தான் நிற்கிறது. நீங்கள் நம்பாத முதல் இரண்டு புள்ளியும் அதே கோட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மொத்தத்தில் இரண்டாம் வகை. வேகம் = 9 × காஸ்டிக் செறிவு × எஸ்டர் (எத்தில் அசிடேட்) செறிவு. மாறிலியின் அலகு லிட்டர்/மோல்/நிமிடம்.

ஆர் ஸ்கொயர் 0.987-ஐப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் நாலு புள்ளிகளில் 3-உம் 10-உம் கோட்டுக்கு மேலே, 5-உம் 8-உம் கோட்டுக்குக் கீழே. இரண்டு ஓரமும் தூக்கி நடுவில் தொய்ந்திருக்கிறது. அளவீட்டுப் பிழை என்றால் மேலும் கீழும் தாறுமாறாகச் சிதறும், இப்படி வில்லாக வளையாது. ஆர் ஸ்கொயரைப் பார்ப்பதற்குமுன் விலகல்களை வரைந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். எங்கள் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதைத்தான் சொல்லித் தருகிறேன்.

பிறை_கலன் | செவ்வாய், காலை 7:15

இரவு ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். அக்கா சொன்னது சரி. ஆனால் ரியாக்டர் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது.

தங்கச்சி, சிஎஸ்டிஆர் நிலையாக ஓட ஆரம்பித்துவிட்டால் தொட்டி முழுக்க ஒரே செறிவு. வெளியே போகும் குழாயில் என்ன செறிவோ அதேதான் உள்ளே எந்த மூலையிலும். உள்ளே வரும் 50 மில்லிமோல் கரைசல் தொட்டியில் விழுந்த உடனே கரைந்து 2.5 ஆகிவிடுகிறது. உங்கள் தொட்டி 50-ஐயும் பார்ப்பதில்லை, 20-ஐயும் பார்ப்பதில்லை. அது காலமெல்லாம் ஓடப்போவது 2.5-இல். நீங்கள் கோடு இழுத்ததோ 21.3-இலிருந்து 9.1 வரை. லேபில் போய்ப் பார்க்காத இடத்துக்குக் கோட்டை நீட்டி, அங்கே 1,580 லிட்டரை வைத்திருக்கிறீர்கள்.

கணக்கைப் போடுங்கள். நிமிடத்துக்கு 0.5 மோல் வருகிறது, அதில் 0.475 மாற வேண்டும். வெளியேறும் செறிவில் வேகம் 9 × 0.0025 × 0.0025, அதாவது லிட்டருக்கு நிமிடத்துக்கு 0.00005625 மோல். 0.475-ஐ இதால் வகுத்தால் 8,444 லிட்டர். உங்கள் எண்ணைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். 1,580 லிட்டரில் கட்டி ஓட்டினால் 89 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். கலக்கி வேகத்தையும் பம்பையும் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரம் தேடுவார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 80 சதவீதம் மட்டும் கேட்டிருந்தால் உங்கள் முதல் வகைக் கணக்கில் 333 லிட்டர், சரியான கணக்கில் 444. அங்கே வெளியேறும் செறிவு 10 மில்லிமோல், நீங்கள் அளந்த எல்லைக்குள் வருகிறது. தப்பான சமன்பாடும் தன் ஊருக்குள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எல்லை தாண்டினால்தான் காலை வாரும்.

அதனால் 20 நிமிடத்தோடு நிறுத்தாதீர்கள். மாறிலி 9 என்றால் 2.5 மில்லிமோலைத் தொட 42 நிமிடம் ஆகும். மீட்டர் அசைகிற மாதிரி தெரியாது, ஆனாலும் காத்திருந்து எடுங்கள்.

அப்புறம் ரிப்போர்ட்டில் வேகத்துக்கு என்ன வரையறை எழுதியிருக்கிறீர்கள்? "செறிவு நேரத்தோடு மாறும் வீதம்" என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். கனஅளவு மாறாத பேட்ச் கலனுக்கு (ஒரே தடவை ஊற்றி, ஓட்டமில்லாமல் வினை நடத்தும் கலன்) மட்டும்தான் அது பொருந்தும். நிலையாக ஓடும் சிஎஸ்டிஆரில் செறிவு நேரத்தோடு மாறுவதே இல்லை, ஆனாலும் வினை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு லிட்டருக்குள் ஒரு நிமிடத்தில் எத்தனை மோல் தீர்கிறது என்பதுதான் வேகம். எந்தக் கலனில் ஊற்றினாலும் அது மாறாது. கலனுக்குக் கலன் மாறுவது மோல் கணக்கு.

செந்தூல்_சிமுலேஷன் | செவ்வாய், மதியம் 12:35

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டிப் பார்த்தேன், ஒரே தொட்டிக்கு எனக்கும் 8,444 லிட்டர்தான். தங்கச்சி, ஒரே தொட்டிதான் வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினார்களா? ஒரே அளவில் இரண்டு தொட்டிகளை அடுத்தடுத்து வைத்தால் ஒவ்வொன்றும் 868 லிட்டர், மொத்தம் 1,737. முதல் தொட்டியிலிருந்து 7.4 மில்லிமோலில் வெளிவருகிறது, மீதி வேலையை இரண்டாவது முடிக்கிறது. குழாய் ரியாக்டராக வைத்தால் 422 லிட்டர் போதும்.

422-ஐ நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டத்தால் வகுத்தால் 42.2 நிமிடம். அண்ணன் சொன்ன அதே 42. பேட்ச் கலனில் நேரம் ஓடுவதும் குழாயில் தூரம் ஓடுவதும் ஒன்றுதான், நீங்கள் பீக்கரில் பார்த்த வளைவு குழாய் நெடுகப் படுத்துக்கிடக்கிறது.

அலகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பயன்படுத்தும் மென்பொருள் கன மீட்டர், கிலோமோல், வினாடி கேட்கும். 9-ஐ 60-ஆல் வகுத்தால் 0.15 லிட்டர்/மோல்/வினாடி. கன மீட்டர்/கிலோமோலுக்கு மாற்றினாலும் அதே 0.15. ஆயிரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்கிறோம். இங்கே ஆயிரத்தை ஒரு பக்கம் மட்டும் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

நிபோங்_மாணவி | செவ்வாய், மதியம் 1:20

8,444-ஐப் பார்த்ததும் சாப்பாடு இறங்கவில்லை. நன்றி அண்ணே, நன்றி அக்கா, இப்போது புரிகிறது.

ஒரு சந்தேகம். இந்த வினைக்குப் புத்தகத்தில் 0.11 லிட்டர்/மோல்/வினாடி என்று பார்த்தேன். எனக்கு 0.15 வருகிறது. முப்பத்தைந்து சதவீதத்துக்கும் மேல் அதிகம். நான் ஏதோ தப்பாக அளந்திருக்கிறேனோ?

கெபோங்_லேப் | செவ்வாய், இரவு 8:10

புத்தகத்தில் பக்கத்திலேயே 25 டிகிரி என்று எழுதியிருக்கும். உங்களுடையது 30. இந்த வினையின் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) சுமார் 47 கிலோஜூல்/மோல். 1889-இல் அர்ரீனியஸ் தந்த சமன்பாட்டில் 298 கெல்வினையும் 303 கெல்வினையும் போட்டுப் பாருங்கள், 1.37 மடங்கு வரும். 0.11-ஐ 1.37-ஆல் பெருக்கினால் 0.15. உங்கள் எண் புத்தகத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

குளிர்நாட்டில் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று இருந்தால் நம் ஊரில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏர்கான் போட்டால் 24, மாலை 5 மணிக்கு அணைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் 30. காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம் எடுத்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் வினைவகையே குழம்பிப்போகும். பீக்கரை வாட்டர் பாத்தில் வைத்து, தெர்மாமீட்டரைப் பாத்தில் விடாமல் கரைசலுக்குள்ளேயே விடுங்கள். நம் ஊரில் 25-இல் நிறுத்தப் பெரும்பாலும் சில்லர் வேண்டும். 30, 35, 40 என்று எடுப்பது சுலபம்.

மாணவர்கள் அடிக்கடி விடும் இன்னொரு பிழை, உங்களிடம் இல்லை, ஆனாலும் குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆளுக்கு 0.1 மோலில் இரண்டு கரைசல் தயாரித்துச் சம அளவில் ஊற்றினால் கலந்த நொடியே இரண்டும் 0.05. அதை மறந்து தொடக்கச் செறிவு 0.1 என்று கணக்கில் போட்டால் மாறிலி சரிபாதியாக வரும். 0.075 என்று யாராவது காட்டினால் முதலில் இதைக் கேளுங்கள். எஸ்டர் கரைசலுக்கு லிட்டருக்கு 8.8 கிராம், அளந்தால் 9.8 மில்லிலிட்டர். மூடியைத் திறந்தே வைக்காதீர்கள், நம் சூட்டுக்கு அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், மணம் உங்களுக்கே தெரியும். காஸ்டிக்கும் அப்படித்தான், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு நேற்று இருந்த செறிவில் இன்று இருக்காது. அன்றன்றைக்கு டைட்ரேட் செய்துதான் தொடங்க வேண்டும்.

ஓய்வு_வாத்தியார் | செவ்வாய், இரவு 9:30

புக்கிட் மெர்தாஜாமில் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பிள்ளைகள் தமிழில் இதைப் பேசுவதைப் பார்க்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் "ஆர்டர்" என்று ஆங்கிலத்திலும் "தெர்திப்" என்று மலாயிலும் படித்துவிட்டு வருவதால் "வகை" என்ற சொல் புதிதாக இருக்கும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் "முதல் வகை வினை", இலங்கையில் "முதலாம் வரிசைத் தாக்கம்". எதைச் சொன்னாலும் சரி, பொருளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மா, அக்கா சொன்ன சமன்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டும் சம செறிவில் தொடங்கி, ஒன்றுக்கு ஒன்று தீர்வதால் கடைசிவரை சமமாகவே இருக்கின்றன. அப்படியானால் காஸ்டிக் செறிவு × எஸ்டர் செறிவு என்று எழுதினாலும், காஸ்டிக் செறிவின் வர்க்கம் என்று எழுதினாலும் அதே கோடுதான் வரும். மொத்தம் இரண்டு என்பது உறுதி. யாருக்கு எத்தனை என்பது இந்த ஓட்டத்திலிருந்து தெரியாது. வினைச் சமன்பாட்டில் ஆளுக்கு ஒரு மூலக்கூறு இருக்கிறதே, அதனால் ஆளுக்கு ஒன்று என்று எழுதிவிடக் கூடாது. அந்த எண்களுக்கும் வினைவகைக்கும் தானாக ஒரு தொடர்பும் கிடையாது. பொருந்தினால் அது சோதனை சொன்னதாக இருக்க வேண்டும்.

பிரிப்பதற்கு வழி பழையது. ஒன்றை ஏராளமாகப் போட்டு மற்றதை மட்டும் பாருங்கள். 1850-இல் வில்ஹெல்மி என்பவர் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலத்தைச் சேர்த்து, ஒளி திரும்பும் கோணத்தை வைத்து வேகத்தை அளந்தார். வேகம் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. தண்ணீரும் அந்த வினையில் தீர்கிறது. ஆனால் கடல்போல் இருந்த தண்ணீரில் குறைந்தது கண்ணுக்கே தெரியாததால் அது மாறிலிக்குள் போய் ஒளிந்துகொண்டது. நீங்கள் எஸ்டரை அந்தத் தண்ணீராக ஆக்குங்கள். காஸ்டிக் 2.5 மில்லிமோல், எஸ்டர் 25. பிறகு அதே காஸ்டிக்குக்கு எஸ்டர் 50. இவ்வளவு நீர்த்த காஸ்டிக்குக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். கொதிக்கவைத்தால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும்; இல்லையென்றால் அந்த வாயு மூலக்கூறு ஒன்று காஸ்டிக் இரண்டைத் தீர்த்து, கணக்கைக் கொஞ்சம் கெடுக்கக்கூடும்.

பிறை_கலன் | புதன், காலை 6:50

ஐயா சொன்னதைப் படித்ததும் என் பழைய கதை ஒன்றை எழுதத் தோன்றியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செம்பனை எண்ணெயிலிருந்து மெத்தில் எஸ்டர் எடுக்கும் ஆலை ஒன்றில் இருந்தேன். எண்ணெய் மூலக்கூறு ஒன்றுக்கு மெத்தனால் மூன்று. அந்த மூன்றைப் பார்த்துவிட்டு வேகச் சமன்பாட்டில் மெத்தனால் செறிவுக்கு மூன்றாம் அடுக்கைப் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். உண்மையில் அது மூன்று படியாக நடக்கும் வினை. டிரைகிளிசரைடு டைகிளிசரைடாகி, அது மோனோவாகி, கடைசியில் கிளிசரின். ஒவ்வொரு படியும் மீளும் வினை. மூன்று மெத்தனாலும் ஒரே நேரத்தில் வந்து மோதுவதில்லை.

அதைத் திருத்தியபிறகும் கணக்கு உதைத்தது. பீக்கரில் 60 டிகிரியில் எடுத்த வேகம் பெரிய கலனில் முதல் பத்து நிமிடம் வரவே இல்லை. பிறகு திடீரென்று பிடித்துக்கொள்ளும். மூத்த ஆப்பரேட்டர் ஒருவர், சீனர், சாம்பிள் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேலே ஒரு திரவம், கீழே ஒரு திரவம், நடுவில் கத்தியால் வெட்டியமாதிரி ஒரு கோடு. மெத்தனாலும் எண்ணெயும் ஒன்றில் ஒன்று சரியாகக் கரைவதில்லை. காந்தக் கலக்கி சுழலும் சின்னப் பீக்கரில் துளிகள் பொடிப்பொடியாகின. பெரிய கலனில் ஆகவில்லை. தொடக்கத்தில் நாங்கள் அளந்தது வினையின் வேகத்தை இல்லை, துளி உடையும் வேகத்தை.

அதனால் எந்த வினையானாலும் கலக்கி வேகத்தை இரட்டிப்பாக்கி ஒரு ஓட்டம் எடுங்கள். மாறிலி நகர்ந்தால் அது வேதியியலின் எண் இல்லை, அதை வைத்துக் கலன் கட்டக் கூடாது. உங்கள் வினை முழுக்கத் தண்ணீரில் கரைந்த வினை, நகராது என்று நினைக்கிறேன். இருந்தாலும் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இருந்தால் கேள்வி கேட்பவர் வாய் திறக்கமாட்டார்.



  

நிபோங்_மாணவி | புதன், இரவு 10:45

இன்று காலை 9 மணிக்கு லேபுக்குள் போனவள் மாலை 6 மணிக்குத்தான் வெளியே வந்தேன். மூன்று மணிக்கு மழை பிடித்து அறையே குளிர்ந்தபோதும் பாத் 30-இலேயே நின்றது. ஐயா சொன்னபடி தண்ணீரைக் கொதிக்கவைத்தேன்.

எஸ்டர் 25 மில்லிமோல்: மடக்கைக் கோடு தொடக்கத்திலிருந்து முடிவுவரை நேர்கோடு, சரிவு நிமிடத்துக்கு 0.215. விலகலையும் வரைந்தேன் அக்கா, வில் இல்லை. எஸ்டர் 50: சரிவு 0.44. எஸ்டரை இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. ஆகக் காஸ்டிக்குக்கு ஒன்று, எஸ்டருக்கு ஒன்று. எஸ்டர் செறிவால் வகுத்தால் 8.6, 8.8. பத்து மடங்கு அதிகம் போட்டாலும் எஸ்டரும் கொஞ்சம் குறைகிறது, அதனால்தான் முதல் எண் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

சம செறிவு ஓட்டத்தை 42 நிமிடம்வரை நீட்டினேன். கடைசிப் புள்ளி 2.53 மில்லிமோல். தலைகீழாக்கினால் 395, பழைய கோட்டிலேயே விழுகிறது. கலக்கி வேகத்தை இரட்டித்தும் மாறிலி அசையவில்லை அண்ணே.

குழாய் ரியாக்டர் 422 லிட்டர்தானே என்று அதையே வைக்கப் பார்த்தேன். 5 சென்டிமீட்டர் உள்விட்டம் என்றால் 215 மீட்டர் நீளம் வருகிறது. 10 சென்டிமீட்டர் எடுத்தால் 54 மீட்டர், ஆனால் ஓட்டம் அவ்வளவு மெதுவாகிவிடுவதால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்று காட்டும் எண்) 2,650-க்கு இறங்கி, குழாய் ரியாக்டர் என்று நம்பிக் கணக்குப் போட முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆகவே தொட்டிகள்தான். இரண்டா மூன்றா?

செந்தூல்_சிமுலேஷன் | புதன், இரவு 11:10

மூன்று சமத் தொட்டி என்றால் ஒவ்வொன்றும் 357 லிட்டர், மொத்தம் 1,070. இரண்டுக்கு 1,737. உங்கள் 9-ஐ வைத்தே போட்டது.

பிறை_கலன் | வியாழன், காலை 6:40

தொட்டி ஒன்று கூடினால் ஒரு மோட்டார், ஒரு கியர்பாக்ஸ், ஒரு சீல் கூடுகிறது. காஸ்டிக் சர்வீஸில் சீல் கசிந்தால் நள்ளிரவில் எழுப்புவார்கள். லிட்டர் மட்டும் பார்க்காமல் இரண்டுக்கும் மூன்றுக்கும் விலை போட்டு இரண்டு பத்தியாக வைத்துக் காட்டுங்கள். ஒரே தொட்டியின் 8,444-ஐயும் முதல் வரியில் விட்டுவையுங்கள்.

நிபோங்_மாணவி | வியாழன், மாலை 4:30

பார்த்துவிட்டு வந்தேன். விலகல் படத்தையும் 42-வது நிமிடப் புள்ளியையும்தான் அதிக நேரம் பார்த்தார். "இப்ப சரி. 35-உம் 40-உம் எடுத்துட்டு வா" என்றார். திங்கட்கிழமைக்குப் பாத் புக் பண்ணிவிட்டேன். குழுவில் செலவுக் கணக்குப் பார்க்கும் பையன் மூன்றாவது கலக்கிக்கு மேற்கோள் விலை கேட்டு எழுதியிருக்கிறான், வந்ததும் இங்கே போடுகிறேன்.